மூன்று பேர் கொங்சி

புல் வெட்டும் தொழிலைப் பதிவு செய்ய அண்ணன், அக்கா, நான் என்று நாங்கள் மூன்று பேரும் குளுவாங்கில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். முகப்பில் இருந்த மலாய்ப் பெண், என்ன மாதிரியான தொழில் என்று கேட்டார். தனி ஆள் நடத்துவதா, கம்பெனியா, இல்லை வேறு ஏதாவதா? அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்.

"கொங்சி."

"ஓ, பெர்கொங்சியான்," என்று அந்தப் பெண் மலாயில் சொல்லித் தலையாட்டிவிட்டு ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்து நீட்டினார். அண்ணன் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். எந்தத் தாளையும் நாலு முறை படிக்காமல் பேனாவைத் திறக்காத மனிதர் அவர். ரெங்கம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். அன்றைக்கு அந்த ஒரு சொல் அவரை மயக்கிவிட்டது.

ஜொகூரில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு பிள்ளைகள் ஓர் ஐஸ்கிரீமுக்கு அடித்துக்கொண்டால் மலாய்க்காரத் தாயும் சீனத் தாயும் நம் தாயும் சொல்வது ஒன்றுதான். கொங்சி பண்ணிக்கோ. பகிர்ந்துகொள். கட்டடம் கட்டும் இடங்களில் கூலிக்காரர்கள் சேர்ந்து படுக்கும் தகரக் கொட்டகையும் கொங்சி வீடுதான். நான் அப்படிப்பட்ட வீடுகளில் ஐந்தாறு வருடம் படுத்திருக்கிறேன். பகலில் தகரம் சுடும், மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது, ஒரே குழம்பை எட்டுப் பேர் சாப்பிடுவோம். அதே சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் காலத்துச் சீனத் தவுக்கேகள் நாலு பேர் சேர்ந்து முதல் போட்டு நடத்திய வியாபாரத்துக்கும் கொங்சி என்றுதான் பெயர். முதலாளிகளின் கூட்டு.

அண்ணன் சொன்னது குழம்புக் கொங்சி. அந்தப் பெண் எழுதிக்கொண்டது தவுக்கே கொங்சி. மூன்று பேரும் உரிமையாளர்கள் என்று பாரத்தில் இருந்தது. அக்கா அதைப் படித்துவிட்டார். படித்துவிட்டு, தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் சிமிட்டினார்.

அக்காவும் அண்ணனும் உறவில்லை. எனக்கும் அவர்கள் உறவில்லை. அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டோம், அவ்வளவுதான். நான் படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். பாசிர் கூடாங்கில் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கித் துரு சுரண்டியிருக்கிறேன். சிங்கப்பூரில் சாரக்கட்டு ஏறியிருக்கிறேன். சிகாமட்டில் லோரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஆறு பெருகி, நான் வாடகைக்கு இருந்த அறையில் மெத்தை மிதந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அந்த மெத்தையைக் காயவைக்கப் பிடிக்காமல் ரயிலேறினேன். குளுவாங்கில் இறங்கியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பசித்தது. இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே கடையில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் ஒரு பெண், "மெஷினைத் தூக்கற மாதிரி தோள் உள்ள ஆள் ஒன்னும் கெடைக்க மாட்டேங்குது," என்று கடைக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். நான் என் தோளைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அந்த அக்கா பதினெட்டு வருடம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கை அப்படி வேகம். பக்கத்தில் இருந்தவள் ஒரு மின்சுற்றுப் பலகை முடிக்கும் நேரத்தில் இவர் இரண்டு முடிப்பார். சம்பளம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். "மூணு தடவ டாய்லெட் போய் முகத்துக்குப் பவுடர் போட்டுட்டு வர்றவளுக்கும் அதே சம்பளம், மூத்திரத்த அடக்கிக்கிட்டு உக்காந்திருந்த எனக்கும் அதே சம்பளம்," என்பார். சமத்துவம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு அந்தப் பவுடர் ஞாபகம் வந்துவிடும். பிறகு ஒருநாள் தொழிற்சாலையையே மூட்டை கட்டி வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆட்குறைப்புக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார். புல் வெட்டும் தொழில் அதில்தான் ஆரம்பித்தது.

வண்டி அக்காவுடையது. தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் மெஷின் இரண்டும் அண்ணன் தன் சேமநிதிப் பணத்தில் வாங்கியவை. நான் கொண்டுவந்தது தோள் மட்டும். ஆனாலும் வருவதை மூன்று சம பாகமாகப் பிரிக்க வேண்டும் என்பது அண்ணன் போட்ட ஒரே நிபந்தனை. அக்கா ஒத்துக்கொண்டார்.

"நீங்க எப்படிக்கா ஒத்துக்கிட்டீங்க? பவுடர் கதையெல்லாம் சொல்வீங்களே?" என்று ஒருமுறை தனியாகக் கேட்டேன்.

"இவரு வந்தா கோயில் கமிட்டி, தமிழ்ப்பள்ளி, தாமான் வீட்டுக்காரங்க சங்கம் எல்லாம் கண்ண மூடிக்கிட்டு வேலை குடுக்கும்லா. இவரு பேரு அப்படி. அது எனக்கு லாபம். நான் ஒன்னும் சோசலிசத்துக்கு ஒத்துக்கல."

சமம் என்றாலும் வேலை சமமாக இருக்காது. சாலையோரம் வெட்டும்போது கல் தெறித்து நிற்கிற கார்களின் கண்ணாடி உடையும். அதனால் ஒருவர் மரச்சட்டத்தில் கட்டிய வலையைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர வேண்டும். அது சுலபமான வேலை. தட்டையான இடத்தில் வெட்டுவது நடுத்தரம். சரிவில் வெட்டுவதுதான் முதுகை முறிப்பது. அண்ணன் வண்டியிலிருந்து இறங்கியதும் முதலில் சரிவைப் பார்ப்பார். மெஷினை மாட்டிக்கொண்டு அங்கே போய்விடுவார். அறுபதைத் தாண்டியவர். நான் பின்னாலேயே ஓடி, "நான் எடுக்கறேண்ணே," என்றால், "நீ கீழ வெட்டுடா, மேல வெயில் ஜாஸ்தி," என்பார். மேலேயும் கீழேயும் ஒரே வெயில்தான்.

பகலில் ஏதாவது மழைமரத்தடியில் வண்டியை நிறுத்தி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்போம். அண்ணனுக்கும் அக்காவுக்கும் சண்டை ஆரம்பிப்பது அங்கேதான். உலகத்தில் எதை எடுத்தாலும் அவர்கள் இரண்டு பேருக்கும் அது முதலாளித்துவம், சோசலிசம் என்றுதான் பிரியும்.

"ஒலகத்துல ரெண்டு பேரு ஒரே மாதிரி ஒழைக்கறதே இல்லண்ணே. அப்பறம் எப்படி ஒரே மாதிரி பங்கு?"

"ஒழைப்பு வேற வேறதான். பசி?"

"பசி கூட வேற வேறதான். இவனப் பாருங்க, ரெண்டாவது பொட்டலம்."

"அவனுக்கு ரெண்டு பொட்டலம் பசிக்குது, அவன் சாப்பிடறான். அதத்தானே நானும் சொல்றேன்."

"அப்ப அந்த ரெண்டாவது பொட்டலத்துக்கு யாரு காசு?"

"அலமாக்! நாந்தாங்க்கா குடுத்தேன்," என்று நான் சொல்லிவிடுவேன். அது அவர்கள் காதில் விழாது.

அக்காவின் தொழிற்சாலை மூடிய கதை வந்தால் அண்ணனுக்கு வேகம் வந்துவிடும். "பதினெட்டு வருசம் உன் கண்ணையும் கையையும் எடுத்துக்கிட்டான். ஒரு வாரத்துல மூட்டையக் கட்டிட்டான். அது நியாயமா?"

"அவன் பொருளு, அவன் தூக்கிட்டுப் போனான். நான் கூடத்தான் நாளைக்கு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிருவேன்."

"போம்மா மொதலாளியம்மா, போ. அவன் போறப்ப உனக்கு ஒரு பணம் குடுத்தானே, அது என்ன அவன் தர்மமா? அப்படிக் குடுக்கணும்னு சட்டம் வரவச்சது யாரு? எங்க ஆளுங்க ரோட்டுல ஒக்காந்ததுல வந்தது."

"சரிண்ணே. உங்க ஆளுங்களுக்கு ரொம்ப நன்றி. அந்த மெஷினுக்கு எண்ணெய் ஊத்துங்க, மணியாச்சு."

எனக்கு இரண்டு பேர் பேசுவதும் சரியாகத்தான் பட்டது. கடைசியாகப் பேசியவர் பக்கம் நான் இருப்பேன். மறுநாள் அடுத்தவர் கடைசியாகப் பேசுவார், அந்தப் பக்கம் போய்விடுவேன். கப்பலிலும் சாரத்திலும் என்னோடு வேலை செய்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் உலகம் எப்படி இருக்க வேண்டும் என்று பேசியவர்கள் யாரும் இல்லை. இவர்கள் பேச்சைக் கேட்பதற்காகவே நான் மூன்று வருடம் தங்கினேன் என்று சொன்னால் பொய்யாகாது. அதற்கு முன் எங்கேயும் ஒரு வருடம் தங்கியதில்லை.

அண்ணனின் முட்டி ஒரு தமிழ்ப்பள்ளிச் சரிவில் போனது. விழவில்லை. மெஷினை அணைத்துவிட்டு, பக்கத்தில் வைத்துவிட்டு, புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏதோ களைப்பு என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டுபோனேன். "எழுந்திருக்க முடியலடா," என்றார், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில். நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி வண்டியில் ஏற்றினோம். அரசாங்க மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தேய்மானம், இனி பாரம் தூக்கக் கூடாது, மேட்டில் ஏறக் கூடாது, அதிகம் நடக்கவும் கூடாது என்றார்கள்.

மூன்று பேர் வேலையை நானும் அக்காவும் செய்தோம். கார் இல்லாத இடத்தில் இரண்டு பேரும் வெட்டுவோம். இருக்கிற இடத்தில் ஒருவர் வெட்ட, ஒருவர் வலை பிடிப்போம். மாதக் கடைசியில் அக்கா வழக்கம்போல மூன்று பாகம் பிரித்தார். அண்ணனின் பாகத்தை ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் இருந்த மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனோம். தரைத் தளத்தில் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். மகள் சிங்கப்பூரில். அவள் அனுப்பும் பணத்தை அவள் பிள்ளைகளின் பெயரிலேயே வங்கியில் போட்டு வைப்பார்.

உறையைப் பார்த்தார். தொடவில்லை.

"இது என்ன?"

"உங்க பங்கு," என்றார் அக்கா.

"நான் இந்த மாசம் ஒரு புல்லு கூட வெட்டலியே."

"உங்க மெஷினு வெட்டுச்சுல்ல?"

"மெஷினு இரும்பு. அதுக்கு எண்ணெய் ஊத்தினா போதும். எனக்குப் பங்கு எதுக்கு?"

"நீங்க போட்ட மொதல் அது. மொதலுக்கு லாபம் வரும்."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "வேர்வை சிந்தாம பங்கு எடுத்துக்கறவனுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியும். இருபது வருசம் காலையில ஆளெடுக்கற பெரட்டுக்களத்துல நின்னு அந்தப் பேரச் சொல்லித் திட்டியிருக்கேன். இப்ப என்னையே அந்தப் பேரு சொல்ல வைக்கிறியா?"

அக்கா கைப்பையைத் திறந்தார். மடித்து வைத்திருந்த பதிவுத் தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தார். "படிங்க. நாலு தடவ படிங்க. அன்னிக்குத்தான் படிக்கல."

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தன் பெயருக்குப் பக்கத்தில் உரிமையாளர் என்று பொருள்படும் மலாய்ச் சொல்லை விரலால் தொட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு முன்பே தெரியும் என்பது என் முகத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

"நான்... மொதலாளியா?"

"மூணு வருசமா," என்றார் அக்கா. "மொதலாளி தூங்கினாலும் பங்கு வரும்ணே. அதான் எங்க கட்சி. கத்துக்குங்க."

நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உழைக்க முடியாதவனுக்கும் சோறு உண்டு என்று இத்தனை நாள் மரத்தடியில் பேசியவர் அண்ணன். உழைத்தவனுக்குத்தான் கூலி என்றவர் அக்கா. இன்றைக்கு அக்கா அண்ணனுக்குச் சோறு கொடுக்கத் தன் கட்சியின் நியாயத்தை வைத்து வாதாடுகிறார். அண்ணன் அதை வாங்காமலிருக்கத் தன் கட்சியின் நியாயத்தை வைத்து வாதாடுகிறார். இடம் மாறி உட்கார்ந்துவிட்டது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

"வண்டியில ஒக்காந்து ஃபோன் எடுங்க. ஆர்டர் எழுதுங்க. அதுக்காவது வருவீங்களா?" என்று அக்கா இறங்கி வந்தார்.

"நாம வெட்டற புல்லுக்கு ஒரு கிராணி வேலையா? எனக்காக இல்லாத வேலைய உண்டாக்காத தங்கச்சி. எனக்கு வேற வேலை சொல்லி வச்சிட்டேன்."

அந்த வேற வேலை, ஊருக்கு வெளியே ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் ஜாகா வேலை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூண்டு, ஒரு நாற்காலி, பன்னிரண்டு மணி நேரம். லோரி வந்தால் எழுந்து போய்க் குறுக்குக் கம்பைத் தூக்க வேண்டும். தவுக்கேயின் கேட்டைக் காக்க அண்ணன் போகிறார். ஒரு காலத்தில் தோட்டத்துக் கேட்டுக்கு முன்னால் முந்நூறு பேரை உட்கார வைத்தவர். அக்காவால் அன்று வண்டியைச் சரியாகப் பின்னால் எடுக்க முடியவில்லை. குப்பைத் தொட்டியில் இடித்தார்.

அவர் வேலைக்குப் போன முதல் வாரமே அந்த வழியாகப் போனோம். கூண்டுக்குள் நீலச் சட்டையும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். தொப்பி பெரிதாக இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு லோரி வந்தது. அவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, கம்பத்தைப் பிடித்து நின்று, பிறகு கம்பைத் தூக்கினார். அதற்குள் லோரிக்காரன் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டான். நாங்கள் நிறுத்தாமல் போய்விட்டோம். அந்த முட்டி அங்கே அதிக நாள் தாங்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அங்கேயும் தாங்காவிட்டால் அவருக்குப் போக வேறு இடம் இல்லை.

அன்றைக்கு மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்தோம். நாசி லெமாக்கை இரண்டு பேர் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எனக்குப் பழைய எண்ணம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விடலாம். எனக்குப் பிடிக்காத இடத்தில் நான் செய்வது அதுதான். சம்பளத்தை வெட்டினால் போய்விடுவேன். திட்டினால் போய்விடுவேன். அண்ணன் ஒருமுறை என்னிடம், "நீ பண்றதும் வேலைநிறுத்தந்தான்டா. ஆனா ஒரே ஆளு பண்ற வேலைநிறுத்தம். எவனுக்கும் தெரியாது, எவனுக்கும் வலிக்காது," என்று சொல்லியிருந்தார். அது ஞாபகம் வந்தது.

"அக்கா, ஸ்டிரைக் பண்ணா என்ன?"

"யார எதுத்து?"

"மொதலாளிய எதுத்து."

"எந்த மொதலாளி?"

"பேப்பர்ல மூணு மொதலாளி இருக்காங்க. அதுல ஒருத்தரு பங்க எடுக்க மாட்டேங்கறாரு. மத்த ரெண்டு பேருக்கும் சாப்பாடு எறங்க மாட்டேங்குது. அவரு பங்க எடுக்கற வரைக்கும் நாம புல்லு வெட்டக் கூடாது."

அக்கா பொட்டலத்தை மடித்தார். "பைத்தியமாடா நீ? ஆர்டர் போயிரும்." வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகவில்லை. "ஸ்டிரைக்க அந்த மனுசன் ஒடைக்க மாட்டாரு," என்றார். "செத்தாலும் ஒடைக்க மாட்டாரு."

வேலைநிறுத்தம் என்றால் முதலில் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று அண்ணன் பல முறை சொல்லிக் கேட்டிருக்கிறோம். நான் எழுதினேன். என் கையெழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கும். மறுநாள் காலையில் கூண்டுக்குப் போய் அதை நீட்டினேன். அண்ணன் நாலு முறை படித்தார். அக்கா வண்டியிலிருந்து இறங்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு கோரிக்கைதானா?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே."

"ஒரு கோரிக்கையோட எவனாவது ஸ்டிரைக்குக்குப் போவானா? மூணு வைக்கணும்டா. பேசறப்ப ரெண்ட விட்டுக் குடுக்கணும், ஒன்ன வாங்கணும். இத்தன நாள் நான் பேசினதுல என்னத்தக் கேட்ட?" சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஏதோ எழுதப் போனவர் நிறுத்தினார். தன்னை எதிர்த்து நடக்கும் வேலைநிறுத்தத்துக்குத் தானே யோசனை சொல்கிறோம் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மொதலாளி தரப்புல பதில் அப்பறம் வரும். இப்ப ஒதுங்கு, லோரி வருது."

நாங்கள் வேலையை நிறுத்தினோம். இந்த ஊரில் மழையும் வெயிலும் மாறி மாறி வந்தால் புல் பத்து நாளில் கணுக்காலைத் தாண்டும். இரண்டாவது வாரம் அக்காவின் ஃபோன் ஓயவில்லை. பள்ளித் தலைமையாசிரியை பாம்பு வந்துவிடும் என்றார். கோயில் தலைவர், திருவிழா வருகிறதே என்றார். தாமான் சங்கத்துக்காரர் கோபமாகப் பேசினார். அக்கா எல்லாரிடமும் ஒன்றையே சொன்னார்: "எங்க கொங்சில ஸ்டிரைக்குங்க." அவர்கள் சிரித்தார்கள். தாமான் சங்கம் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. எங்களுக்கு இருந்ததிலேயே பெரிய இடம் அது. அக்கா தொடைகளைத் தட்டிக்கொண்டு எழுந்து, தனக்குத் தேநீரும் எனக்கு மைலோவும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"திரும்பிரலாமாக்கா?" என்றேன்.

"ஆரம்பிச்சது நீ. இப்ப நீயே கால வாரறியா?"

வாழ்நாள் முழுவதும் லாபத்தின் பக்கம் நின்ற மனுஷி. நான் மைலோவைக் குடித்தேன்.

அண்ணன் வேலைக்குப் போகும் பஸ் அந்தப் பள்ளித் திடலைக் கடந்துதான் போகும். தினமும் இரண்டு முறை புல்லைப் பார்த்திருப்பார். மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் வழக்கமாக ரொட்டி சாப்பிடும் கடைக்கு அவரே வந்தார். நீலச் சட்டை இல்லை. தொழிற்சங்கத்தில் இருந்தபோது போட்ட வெள்ளைச் சட்டை. கையில் ஒரு கோப்பு. இன்னொரு கையில் குடை, அதை ஊன்றிக்கொண்டு வந்தார். முட்டி வீங்கியிருந்தது கால்சட்டைக்கு மேலேயே தெரிந்தது. எங்களுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்.

"பேச்சுவார்த்தை," என்றார்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து நேராக உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"மொதல்ல ஒரு விசயம். போன வாரம் முட்டி வீங்கி ரெண்டு நாள் போவல. ஓய்வு எடுக்கணும்னு டாக்டர் எம்சி எழுதிக் குடுத்தாரு. கொண்டு போயிக் குடுத்தேன். ரெண்டு நாள் சம்பளத்தையும் வெட்டிட்டான். எம்சி குடுத்தும் வெட்டிட்டான்!" மேசையைத் தட்டினார். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "எம்சின்றது என்ன? நோவு வந்தவனுக்கு வேலை செய்யாமலே சம்பளம். அவன் கை ஏந்தி வாங்கறது இல்ல அது. உரிமை. அந்த உரிமைக்காகத் தோட்டத்துல நாங்க பதினேழு நாள்..."

அங்கேயே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது.

அக்கா ரொட்டித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்திருந்தால் காரியம் கெட்டுப்போயிருக்கும். ரொட்டித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை செய்யாமலே சம்பளம்," என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

"கேட்டுச்சுடா."

அண்ணன் கோப்பைத் திறந்து மூடினார். தேநீர் வந்தது. ஆறும்வரை அதைத் தொடவில்லை. பிறகு பழைய செயலாளர் குரல் வந்தது. "லாபம்னு குடுத்தா வாங்க மாட்டேன். பாவம்னு குடுத்தாலும் வாங்க மாட்டேன். அந்த ரெண்டு கோரிக்கையும் தள்ளுபடி. எம்சின்னா... வாங்கலாம். அது தொழிலாளிக்கு உள்ளது."

"எத்தன நாளு எம்சி?" என்றார் அக்கா.

"முட்டி சரியாவற வரைக்கும்."

"அது சரியாவாதுன்னுதானே டாக்டர் சொன்னாரு?"

"அப்பன்னா நிரந்தர எம்சி. ஆனா மாசா மாசம் புதுசா எழுதணும். எழுத்துல இல்லாம எதையும் வாங்க மாட்டேன்."

"மாசா மாசம் எந்த டாக்டருண்ணே நமக்கு எழுதித் தருவாரு?"

அண்ணன் தாடையால் என்னைக் காட்டினார். "இவன் எழுதட்டும். ஸ்டிரைக் நோட்டீஸ் எழுதினவன்தானே."

"இவனா? படிவம் ரெண்டு டாக்டரா?"

"எந்த டாக்டர் எழுத்து புரிஞ்சிருக்கு? இவன் எழுத்து அதுக்குப் பொருத்தம்."

அக்கா அப்போதுதான் சிரித்தார். சிரித்துக்கொண்டே கைத்துண்டால் கண்ணைத் துடைத்தார். கோபமாக என்னைப் பார்த்து, "எழுந்திருடா, பள்ளிக்கூடத்துல பாம்பு வந்துருச்சாம்," என்றார். ஞாயிற்றுக்கிழமை அது. ஆனாலும் போனோம். அண்ணன் ஜாகா வேலையை அன்றோடு விட்டுவிட்டார். முன் இருக்கையில் உட்கார்ந்து, நான் சரிவில் வெட்டுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, ஒவ்வொரு முறை தண்ணீர் குடிக்க வரும்போதும் எங்கே விட்டுப்போனேன் என்று சொன்னார். அது வேலை இல்லை என்றும், எம்சியில் இருக்கும் தொழிலாளி வேலை செய்யக் கூடாது என்றும், சும்மா பேச்சுக்குச் சொல்வதாகவும் சொன்னார்.

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் நான் ஒரு பள்ளிக்கூட நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதுகிறேன். இன்னார், இன்ன நோவு, இடது முட்டி, ஒரு மாதம் ஓய்வு. கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே முதலாளி ஒப்புதல் என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் அக்கா கையெழுத்துப் போடுவார். மூன்று முதலாளிகளில் ஒருவர் என்ற முறையில் நீங்களும் போட வேண்டும் என்று அக்கா சொல்வார். அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, மற்ற இரண்டு கையெழுத்தையும் விடச் சின்னதாக, ஓரத்தில் போடுவார். அந்தத் தாள்களையெல்லாம் சங்கக் கோப்பிலேயே வைத்திருக்கிறார். மரத்தடிச் சண்டை மறுபடியும் நடக்கிறது. இரண்டு பேரும் அவரவர் பக்கத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள். அக்கா பவுடர் கதை சொல்கிறார். அண்ணன் பசியைப் பற்றிக் கேட்கிறார்.

போன மாதம் எனக்குக் கால் அரித்தது. தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருவன் சொன்னான். கடலைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. பையைக் கூடத் துவைத்துக் காயப்போட்டேன். அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"போறதுன்னா போ லா," என்றார். "உன்ன யாரு கட்டி வச்சது? ஆனா போறதுக்கு முன்ன ஆறு மாசத்து எம்சி சேத்து எழுதிட்டுப் போ."

"முன்கூட்டியே எம்சி எழுதக் கூடாதுண்ணே. வராத நோவுக்கு எப்படி எழுதறது? சட்டவிரோதம்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது சரிதான்," என்றார், ரொம்ப திருப்தியாக. "சட்டவிரோதந்தான்."

பை இன்னும் கொடியில்தான் கிடக்கிறது. இந்த மாதத்துத் தாளை நேற்றுக் காலையில் எழுதிக் கொடுத்தேன்.